நமதூரை நாமே வரைவோம்

கணினி வழி நிலப்படக் கலை பற்றிய ஒரு பாடம்

 

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தவர் தொல்காப்பியர். மக்களின் உணவும் தொழிலும் தெய்வமும் அவர்கள் வாழும் நிலத்தைச் சார்ந்தே அமைகின்றன என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. குறிஞ்சி முதலாய ஐந்திணைகளை நாம் வகுப்பிற் கற்பிக்கின்றோம். பிள்ளைகளும் ஆர்வத்தோடு கற்கின்றனர். ஆயினும், 'உன் அம்மாவின் ஊரைப் படத்திற் காட்டு' என்று கேட்டால், அவர்களிற் பலர் இலங்கைப் படத்தின் தலைப்பகுதியில் விரலை வைத்து, 'யாழ்ப்பாணம்' என்று கூறி நிறுத்திக்கொள்கின்றனர். அதற்கு மேல் ஊர் எது, குறிச்சி எது, பாட்டனார் நீர் அள்ளிய கிணறு எங்கே என்பதைக் காட்டுவதற்கு நம் கையிலும் படம் இருப்பதில்லை.

இக்குறையை நாமே நீக்கிக்கொள்ளும் வழி இன்று உண்டு. நிலப்படம் வரைவதற்கான சிறந்த மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றின் உள்ளமைப்பும் எவரும் பார்க்கத்தக்கதாகத் திறந்து வைக்கப்பட்டுள்ளது. இவற்றைத் திறந்த மூல மென்பொருள் என்பர். இவை தோன்றிய வரலாற்றையும், நம் மண்ணில் இவற்றால் நிகழ்ந்த ஒரு பணியையும், நம் இல்லங்களில் இவற்றைக் கொண்டு செய்யத்தக்கதையும் இக்கட்டுரையில் எடுத்துரைப்போம்.

படத்தை வரைந்தவர் யார்?

எந்தப் படத்தைக் கையில் எடுத்தாலும், 'இதை வரைந்தவர் யார்? எதற்காக வரைந்தார்?' என்று முதலிற் கேட்க வேண்டும். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்தில் நம் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று; வேலணை லெய்டன் ஆயிற்று; காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. மற்றையவை வழக்கொழிந்தன. எனினும், டெல்வ்ற் என்னும் பெயர் ஆங்கிலப் படங்களில் இன்றும் நெடுந்தீவின் மேல் அமர்ந்திருக்கின்றது. பருத்தித்துறை 'பொயின்ற் பீற்றோ' என்றும், ஆனையிறவு 'எலிபன்ற் பாஸ்' என்றும் அச்சேறியமையும் இவ்வாறே.

ஆங்கிலேயர் 1800 ஆம் ஆண்டில் இலங்கையில் நில அளவைத் திணைக்களத்தை நிறுவினர். ஓர் அங்குலம் ஒரு மைலைக் குறிக்கும் படங்கள் அத்திணைக்களத்தால் வெளியிடப்பட்டன. பிற்காலத்தில் 1:50,000 என்னும் அளவுத்திட்டத்தில் இடவிளக்கப் படங்கள் வந்தன. தாயகத்திற் புவியியல் கற்ற பெற்றோர், பரீட்சை மண்டபத்தில் அப்படத்தின் துண்டொன்றைக் கையில் வைத்துக்கொண்டு சமவுயரக் கோடுகளை எண்ணியதை மறந்திருக்க மாட்டார்கள். அவை பெருமுயற்சியால் விளைந்த அரிய படங்களே. ஆனால், அவற்றில் ஒரு சதமமீற்றர் நிலத்தில் 500 மீற்றரைக் குறிக்கும். நம் ஊர் ஒழுங்கை ஒன்று முழுவதும் அந்த ஒரு சதமமீற்றருக்குள் அடங்கிவிடும். வைரவர் கோயிலடி, புளியடிச் சந்தி, வாசிகசாலை என்று ஊரார் நாள்தோறும் வழங்கும் இடங்களுக்கு அப்படத்தில் இடமில்லை. அரசுக்குத் தேவையானவை அதில் இருந்தன. ஊராருக்குத் தேவையான பல அதில் இல்லை.

கனடா தந்த கொடை

கணினியில் நிலப்படத்தைக் கையாளும் கலை இந்நாட்டோடு நெருங்கிய தொடர்புடையது என்பதைப் பிள்ளைகள் அறிந்துகொள்வது நன்று. 1960 களில் கனடிய அரசு தன் நிலவளத்தைக் கணக்கெடுக்க முற்பட்டது. எந்நிலம் பயிர்ச்செய்கைக்கு உகந்தது, எது காட்டுக்கு உகந்தது, எது விலங்குகளுக்கு உகந்தது என்று இருபத்தைந்து இலட்சம் சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்பை ஆராய வேண்டியிருந்தது. அத்தனை படங்களையும் கையால் ஒப்பிட்டுக் கணக்கிடுவது இயலாத செயல். அதனைக் கணினியிடம் ஒப்படைக்கலாம் என்று கூறியவர் றொஜர் ரொம்லின்சன் என்னும் புவியியலாளர். அவரது முயற்சியால் ஒட்டாவாவில் உருவானதே கனடியப் புவியியல் தகவல் முறைமை. அவரைப் புவியியல் தகவல் முறைமையின் தந்தை என்று உலகம் போற்றுகின்றது.

இம்முறைமையின் உயிர்நாடி அடுக்கு என்பதாகும். மறுபக்கம் தெரியும் மெல்லிய தாள்கள் சிலவற்றை எண்ணிக்கொள்ளுங்கள். முதற்றாளில் வீதிகளை மட்டும் வரைகின்றோம். அடுத்ததிற் குளங்களையும் வாய்க்கால்களையும் வரைகின்றோம். மூன்றாவதிற் பள்ளிக்கூடங்களைக் குறிக்கின்றோம். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒளிக்கு எதிரே பிடித்தால், குளத்துக்கு அருகே உள்ள பள்ளிக்கூடம் எது என்பது உடனே தெரியும். கணினி செய்வதும் இதுவே. ஆயிரம் தாள்களாயினும் அது சலிப்பதில்லை.

ஒவ்வோர் அடுக்கிலும் உள்ள பொருள்களை மூவகையாக வரைவர். கிணறு ஒரு புள்ளி. ஒழுங்கை ஒரு கோடு. வயலோ குளமோ ஒரு பல்கோணம். ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் அட்டவணை உண்டு. கிணறு என்னும் புள்ளியின் அட்டவணையில் அதன் பெயர், ஆழம், நீர் நன்னீரா உவர்நீரா என்பனவற்றை எழுதலாம். பின்னர், 'உவர்நீர்க் கிணறுகளைச் சிவப்பாகக் காட்டு' என்று கட்டளையிட்டால், உவர் எத்திசையிலிருந்து பரவுகின்றது என்பது கண்ணுக்குப் புலனாகும். எண்களின் பட்டியலில் மறைந்து கிடக்கும் உண்மை படத்தில் வெளிப்பட்டு நிற்கும். 1854 இல் இலண்டன் மாநகரில் வாந்திபேதி பரவியபோது, ஜோன் சினோ என்னும் மருத்துவர் இறப்பு நேர்ந்த வீடுகளைப் படத்தில் ஒவ்வொன்றாகக் குறித்தார். குறிகள் ஒரு நீர்க்குழாயைச் சுற்றிக் குவிந்திருந்தன. நோய் நீரால் வருவது என்னும் அவரது கொள்கைக்கு அப்படம் வலிமையான சான்றாயிற்று. வற்றாத ஆறு இல்லாமற் கிணற்றையே நம்பி வாழும் யாழ்ப்பாணக் குடாநாட்டாருக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

மென்பொருளிற் சிரமதானம்

இத்தகைய மென்பொருள்கள் நெடுங்காலம் பெருவிலை உடையனவாக இருந்தன. அரசுத் திணைக்களங்களும் பெரு நிறுவனங்களுமே அவற்றை வாங்க முடிந்தது. இந்நிலையை மாற்றியவர்கள் உலகெங்கும் பரந்துள்ள தொண்டர்கள். அமெரிக்க இராணுவப் பொறியியற் பிரிவின் ஆய்வுகூடம் ஒன்றில் 1982 இல் தொடங்கப்பட்ட கிராஸ் என்னும் மென்பொருள், பின்னர் எவரும் பயன்படுத்தத்தக்கதாய் வெளிவந்தது. 2001 இல், பிரித்தானிய கொலம்பியா மாகாணத்தின் விக்ரோறியா நகர நிறுவனம் ஒன்று, நிலத் தரவுகளைச் சேமித்து வைக்கும் போஸ்ற்ஜிஐஎஸ் என்னும் மென்பொருளை வெளியிட்டது. 2002 இல் அலாஸ்காவில் வாழ்ந்த கரி ஷேர்மன் என்பவர், தம் வீட்டுக் கணினியில் நிலப்படங்களைத் திறந்து பார்ப்பதற்காகச் சிறு மென்பொருள் ஒன்றை எழுதத் தொடங்கினார். அதுவே இன்று கியூஜிஐஎஸ் என்னும் பெயரால் உலகெங்கும் வழங்குகின்றது. பல்கலைக்கழகங்களும் நகரசபைகளும் அதனைப் பயன்படுத்துகின்றன. நீங்களும் அதனை உங்கள் வீட்டுக் கணினியில் விலையின்றி நிறுவிக்கொள்ளலாம்.

விலையின்மை இதன் சிறப்புகளுள் ஒன்று மட்டுமே. ஊரிற் சிரமதானம் என்றொரு வழக்கம் இருந்ததைப் பெற்றோர் அறிவர். மண்வெட்டியோடு ஒருவர் வருவார். கடகத்தோடு ஒருவர் வருவார். தேநீரோடு ஒருவர் வருவார். மாலையில் வாய்க்கால் துப்புரவாகிவிடும். வாய்க்கால் எல்லோருக்கும் உரியது. எனவே, அடைப்பு எங்கே என்று பார்க்கவும் அதனை நீக்கவும் எல்லோருக்கும் உரிமை உண்டு. திறந்த மூல மென்பொருளும் அத்தகையதே. அதனை எழுதிய கட்டளைகளை எவரும் படிக்கலாம்; பிழை கண்டால் திருத்தலாம்; தம் மொழிக்கு ஏற்றவாறு மாற்றலாம்; பிறருக்கும் கொடுக்கலாம். ஒரு நிறுவனம் மூடப்பட்டாலும் அம்மென்பொருள் மறைந்துபோவதில்லை.

மென்பொருள் இருந்தாலும் வரைவதற்குத் தரவு வேண்டுமல்லவா? இங்கிலாந்தில் அரசின் நிலப்படத் தரவைப் பயன்படுத்தப் பெருங்கட்டணம் செலுத்த வேண்டியிருந்த காலத்தில், 2004 இல் ஸ்ரீவ் கோஸ்ற் என்பவர் ஓப்பின் ஸ்ரீற் மப் என்னும் திட்டத்தைத் தொடங்கினார். உலகம் முழுவதற்கும் ஒரே படம். அதனை வரைபவர்கள் அந்தந்த இடத்தை அறிந்த மக்கள். இன்று அதில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பெயர் பதிந்துள்ளனர். அத்தரவை எவரும் எடுத்தாளலாம். எங்கிருந்து பெறப்பட்டது என்பதைக் குறிப்பிட வேண்டும் என்பது விதி.

மட்டக்களப்பில் நிகழ்ந்தது

இவையெல்லாம் வசதி படைத்த நாடுகளுக்கு உரிய விளையாட்டு என்று எண்ண வேண்டாம். மட்டக்களப்பு நகரம் அமைந்துள்ள மண்முனை வடக்குப் பிரதேச செயலாளர் பிரிவை நினைவிற் கொள்ளுங்கள். ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி, இடையே கல்லடி, நாவலடி போன்ற மணற்பாங்கான ஊர்கள். 1978 நவம்பரிற் சூறாவளி அம்மாவட்டத்தைச் சிதைத்தது. 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை நாவலடியை வாரிச் சென்றது. 2011 ஜனவரியிற் பெருவெள்ளம் கிழக்கு மாகாணத்தை மூழ்கடித்தது. இத்தகைய இடத்தில் எத்தனை கட்டிடங்கள் உள்ளன, எவை கல்வீடு, எவை கிடுகு வேய்ந்தவை, எந்தப் பள்ளிக்கூடத்தில் மக்கள் தஞ்சம் புகலாம் என்பவற்றை முன்னரே அறிந்திருந்தால் எத்தனை உயிர்களைக் காக்கலாம்!

2012 இறுதியில் இலங்கையின் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உலக வங்கியும் இணைந்து இப்பணியைத் தொடங்கின. 2010 இல் எயிற்றி நிலநடுக்கத்தின் பின் உருவான ஓப்பின் ஸ்ரீற் மப் மனிதநேயக் குழு பயிற்சிக்கு உதவியது. முதலிற் செய்மதிப் படத்தைக் கணினியில் விரித்து, ஒவ்வொரு கூரையின் ஓரத்தையும் கோடிட்டனர். பின்னர் அப்படத்தைத் தாளில் அச்சிட்டு, கையிற் பென்சிலோடு தெருத்தெருவாக நடந்தனர். மாடி எத்தனை, சுவர் எதனால் ஆனது, கூரை எதனால் ஆனது, கட்டிடம் எதற்குப் பயன்படுகின்றது என்பனவற்றைக் குறித்தனர். இவ்வாறு ஏறத்தாழ 30,000 கட்டிடங்கள் படத்தில் ஏறின. அத்தரவு எவரும் பார்க்கத்தக்கதாக ஓப்பின் ஸ்ரீற் மப் திட்டத்தில் இடப்பட்டது.

இத்தகைய தரவின் பயன் முன்னர்க் கூறிய அடுக்கு முறையிலேயே விளங்கும். கட்டிடங்கள் ஓர் அடுக்கு. வெள்ளம் எங்கு வரை ஏறும் என்பது மற்றோர் அடுக்கு. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், நீரில் அகப்படும் வீடுகள் எத்தனை, வெளியேற்ற வேண்டிய மருத்துவமனை எது, நீர் ஏறாத பள்ளிக்கூடம் எது என்பன கணக்காக வந்துவிடும். இதனைச் செய்வதற்கென்றே கியூஜிஐஎஸ் மென்பொருளோடு இணைந்து இயங்கும் இனாசேவ் என்னும் கருவி, இந்தோனேசியாவும் அவுஸ்திரேலியாவும் உலக வங்கியும் சேர்ந்து முயன்றதால் 2012 இல் வெளிவந்தது.

தமிழகத்திலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 2015 இறுதியிற் சென்னை மாநகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது, ஓப்பின் ஸ்ரீற் மப் தெருக்களை அடியாகக் கொண்ட ஒரு படம் இணையத்தில் வைக்கப்பட்டது. தம் தெருவில் நீர் நிற்பதைக் கண்டவர்கள் அத்தெருவைத் தொட்டு நிறம் மாற்றினர். எவ்வழியே செல்லலாம், எவ்வழியே செல்லலாகாது என்பதை மக்களே மக்களுக்கு அறிவித்தனர்.

மறைந்துவரும் பெயர்கள்

செய்மதி கூரையைக் காண்கின்றது, கிணற்றைக் காண்கின்றது, ஒழுங்கையின் வளைவையும் காண்கின்றது. ஆனால், அதனாற் பெயரைக் காண முடியாது. பெயர் மக்களின் நாவில் இருக்கின்றது. அந்த நாவுக்கு உரியவர்களுட் பலர் இன்று மிசிசாகாவிலும் ஸ்காபுறோவிலும் முதுமையோடு வாழ்கின்றனர்.

வலிகாமம் வடக்கை எடுத்துக்கொள்வோம். 1990 இல் மயிலிட்டி முதலாய ஊர்களின் மக்கள் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்தனர். 2017 ஜூலையிலேயே மயிலிட்டித் துறைமுகமும் அதனை அடுத்த காணிகளிற் சிலவும் விடுவிக்கப்பட்டன. இடையே 27 ஆண்டுகள். வேலிகள் இல்லை, மரங்கள் இல்லை, ஒழுங்கைகள் பற்றைகளுள் மறைந்துவிட்டன. இருபது வயதில் வெளியேறியவர் நாற்பத்தேழு வயதிலே திரும்பினார். அங்கு பிறந்து வளராத அவருடைய பிள்ளைகளுக்கு எல்லை எது, சந்தி எது என்று காட்டுவதற்கு அவருடைய நினைவு ஒன்றே எஞ்சியிருந்தது. அந்நினைவும் எழுதப்படாவிட்டால், ஊர் மீண்டாலும் ஊர்ப்பெயர்கள் மீளமாட்டா.

நம் வீடுகளில் எழுத்தாலான படம் ஒன்று பலரிடம் இருக்கின்றது. அதுவே காணி உறுதி. அதனை எடுத்துப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். காணியின் பெயர், அதன் பரப்பு, கிழக்கு எல்லை, வடக்கு எல்லை, மேற்கு எல்லை, தெற்கு எல்லை என்று ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் வளவு என்றும் புலம் என்றும் தோட்டம் என்றும் முடியும் ஒரு பெயரை நம் முன்னோர் வைத்திருந்தனர். எத்தனையோ அழகிய தமிழ்ச் சொற்கள் இவ்வுறுதிகளில் உறங்குகின்றன.

ஓப்பின் ஸ்ரீற் மப் திட்டத்தில் ஓர் இடத்துக்குப் பல மொழிகளிற் பெயர் எழுதலாம். தமிழ்ப் பெயருக்கெனத் தனிக் கட்டம் உண்டு. அக்கட்டம் வெறுமையாக இருக்கும் இடங்களிற் பிறமொழி எழுத்துகளில் உள்ள பெயரே படத்தில் நிற்கும். அதனை நிரப்புவதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஊரை அறிந்த ஒருவரும், தட்டெழுதத் தெரிந்த ஒரு பிள்ளையும் போதும். ஒல்லாந்தர் பெயரிட்ட காலத்தில் நம்மிடம் எவரும் கேட்கவில்லை. இன்று எழுதுகோல் நம் கையில் இருக்கின்றது.

நாம் வாழும் மிசிசாகா நகரின் பெயரும் இதே பாடத்தையே கற்பிக்கின்றது. 1974 இல் மாநகரமாகிய இவ்விடம், கிறெடிற் ஆற்றங்கரையில் வாழ்ந்த மிசிசாகா முதற்குடி மக்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அப்பெயர் பேராற்றின் முகத்துவாரத்தைக் குறிப்பது என்பர். நிலம் கைமாறிய பின்னரும், பெயர் அம்மக்களை நினைவூட்டிக்கொண்டிருக்கின்றது.

கவனிக்க வேண்டியவை

முதலாவது, ஆள்கூறு. பூமியில் ஓர் இடத்தை அகலாங்கு, நெட்டாங்கு என்னும் இரண்டு எண்களாற் குறிப்பர். யாழ்ப்பாண நகரம் வடக்கு 9.7 பாகை, கிழக்கு 80.0 பாகை. மிசிசாகா வடக்கு 43.6 பாகை, மேற்கு 79.6 பாகை. கணினியில் மேற்கு நெட்டாங்கைக் கழித்தற் குறியோடு எழுத வேண்டும். அக்குறியை விட்டுவிட்டால், மிசிசாகா யாழ்ப்பாணத்துக்கு நேர் வடக்கே கசகஸ்தான் நாட்டிற் போய் விழும்! ஒரு சிறு கோடு ஒரு நகரத்தையே உலகின் மறுபக்கத்துக்குத் தள்ளிவிடுகின்றது.

இரண்டாவது, நேர்மை. வணிக நிறுவனங்களின் படங்களைப் பார்த்து நகல் எடுத்தல் ஆகாது. தாமே அறிந்ததை, அல்லது அறிந்தவரிடம் கேட்டதை மட்டுமே எழுத வேண்டும். ஓர் இடத்தின் பெயரைப் பற்றி இருவர் இருவிதமாகச் சொன்னால், மூன்றாமவரிடம் கேட்க வேண்டும். ஐயம் தீரும்வரை எழுதாமல் விடுவதே நன்று. நம் ஊரிற் பிற சமூகத்தார் வழங்கும் பெயர் வேறாக இருக்கலாம். அதற்கும் அதற்குரிய கட்டம் உண்டு; அதனை அழிக்க நமக்கு உரிமை இல்லை.

மூன்றாவது, காவல். வடகிழக்கில் வீட்டில் ஒரு நிலப்படம் இருப்பதற்கே மக்கள் அஞ்சிய காலம் ஒன்று இருந்தது. அவ்வச்சம் பொருளற்றதன்று. பொதுப்படத்திற் கோயில், குளம், சந்தி, பள்ளிக்கூடம், கிணறு ஆகியவற்றைக் குறியுங்கள். இவ்வீட்டில் இன்னார் வாழ்கின்றார் என்று எந்நாளும் எழுதாதீர்கள். காணி உறுதியில் உள்ள ஆட்பெயர்களும் அவ்வாறே; அவை குடும்பத்துக்கு உரியவை.

பயிற்சிகள்

1. பாட்டன் அல்லது பாட்டியுடன் அமர்ந்து, அவர்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்து சென்ற வழியை ஒரு தாளில் வரைக. வழியிற் கண்ட மரம், கிணறு, கோயில், சந்தி ஆகியவற்றின் பெயர்களை அவர்கள் உச்சரித்தவாறே எழுதுக.

2. அத்தாளில் உள்ளவற்றைப் புள்ளி, கோடு, பல்கோணம் என மூன்றாகப் பிரித்துப் பட்டியலிடுக.

3. ஓப்பின் ஸ்ரீற் மப் படத்தில் அவ்வூரைத் தேடுக. உங்கள் பட்டியலில் உள்ளவற்றுள் எவை அப்படத்தில் உள்ளன, எவை இல்லை, எவற்றுக்குத் தமிழ்ப் பெயர் இல்லை என்பதைக் குறிக்க.

4. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கின்றது. மேலே தந்த நெட்டாங்குகளைக் கொண்டு, யாழ்ப்பாணத்துக்கும் மிசிசாகாவுக்கும் இடையே உள்ள நேர வேறுபாட்டைக் கணிக்க. குளிர்காலத்தில் மணிக்கூடுகள் காட்டும் வேறுபாட்டோடு அதனை ஒப்பிடுக.

5. மேல்வகுப்பு மாணவர்: கியூஜிஐஎஸ் மென்பொருளைப் பெற்றோரின் உதவியுடன் நிறுவி, மிசிசாகா நகரசபை வெளியிடும் திறந்த தரவிலிருந்து பூங்காக்களின் அடுக்கைத் திறக்க. உங்கள் வீட்டுக்கு மிக அருகில் உள்ள பூங்கா எது எனக் காண்க.

முதற் பயிற்சியைப் பின்போட வேண்டாம் எனப் பெற்றோரை அன்போடு வேண்டுகின்றோம். மற்ற நான்கையும் அடுத்த ஆண்டிலும் செய்யலாம். வரைந்த தாள்களைப் பிள்ளைகளிடம் கொடுத்து வகுப்புக்கு அனுப்புங்கள். பெயர்களைப் பிழையின்றி எழுதவும் படத்தில் ஏற்றவும் நாம் துணை நிற்போம்.